விவரம் உண்டு, தேடினால் இல்லை: இணைய அங்காடிகளில் கல்வராயன் மலைப்பொருள்களின் பெயரும் பண்பும்

ஆய்வுச் சுருக்கம்

இணைய அங்காடிகளில் ஒரு பொருளுக்கெனத் தனியே எழுதப்படும் ஊர், மரம், பருவம், பக்குவம் போன்ற விவரங்கள் பெரும்பாலும் காட்சிக்கு வைக்கப்படுகின்றனவேயன்றித் தேடலுக்கு அகப்படுவதில்லை. இதனை மென்பொருள் அமைப்பின் குறையாக மட்டும் கருதும் போக்கினை இக்கட்டுரை மறுக்கிறது. எந்தச் சொல்லால் ஒரு பொருள் தேடப்பட வேண்டும் என்பது அகராதியியல் சார்ந்த வினா என்பதையும், அதற்குரிய சிந்தனை நிகண்டு மரபிலும் சதுரகராதியிலும் உண்டு என்பதையும் கல்வராயன் மலைப்பொருள்கள், கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் ஆகியவற்றின்வழி ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இணைய அங்காடி, தேடல், விவரப்புலம், சொல்லடைவு, நிகண்டு, சதுரகராதி, கல்வராயன் மலை, கரியாலூர்

காட்சிக்கு எழுதியது

கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பகுதியில் விளைந்த சாமையை ஒருவர் இணைய அங்காடியில் விற்க முற்படுகிறார் எனக் கொள்வோம். தலைப்பில் ‘சாமை அரிசி’ என எழுதுவார். விளைந்த ஊர், அறுவடைப் பருவம், உரலில் குற்றியதா பொறியில் தீட்டியதா என்னும் பக்குவம் ஆகியவற்றை அடுத்தடுத்த கட்டங்களில் நிரப்புவார். பக்கத்தைத் திறப்பவர் கண்ணுக்கு அனைத்தும் தெரியும். ஆயின் பக்கத்தைத் திறப்பதற்கு முன் அதனைக் கண்டடைய வேண்டுமே. தேடற்பெட்டியில் ‘கரியாலூர் சாமை’ என இடுபவருக்குப் பொருள் எதுவும் இல்லை என்னும் விடையே கிடைக்கக்கூடும்.

காரணம் எளியது. சிறு வணிகர் பலர் கையாளும் வேர்ட்பிரஸ், அதன்மேல் இயங்கும் வூகாமர்ஸ் ஆகியவற்றின் இயல்பான தேடல் தலைப்பு, சுருக்கம், விளக்கவுரை ஆகியவற்றை மட்டுமே பார்க்கும். தனிப்புலங்களில் எழுதியதைப் பார்ப்பதில்லை. அங்கு விவரங்களை எழுதுவதற்கு இரு வழிகள் உள்ளன. கடை முழுமைக்கும் பொதுவான பண்பாக ‘ஊர்’ என்பதை முன்னரே வகுத்து, அதன்கீழ்க் கரியாலூரை ஒரு மதிப்பாகச் சேர்ப்பது முதல்வழி. அப்பொருளின் பக்கத்திலேயே ‘ஊர்: கரியாலூர்’ எனத் தட்டச்சிடுவது இரண்டாவது. முன்னதனைக் கொண்டு பொருள்களை வடிகட்டலாம். பின்னது அப்பொருளின் பதிவுக்குள் கட்டிவைத்த மூட்டையாகவே கிடக்கும். விற்பவருக்கு எளிதானது பின்னதே. மெஜன்டோ போன்ற பெரிய அமைப்புகளில் ஒவ்வொரு பண்புக்கும் ‘தேடலில் பயன்படுத்துக’ என்னும் தெரிவும், அப்பண்புக்குத் தேடலில் எவ்வளவு எடை தருவது என்னும் தெரிவும் உண்டு. தெரிவு இருப்பதால் மட்டும் சிக்கல் தீர்ந்துவிடாது என்பதைப் பின்னர்க் காண்போம்.

இங்குத் தமிழாய்வாளர்க்குப் பழக்கமான ஓர் ஒப்புமை உதவும். தேடுபொறி நூலைப் படிப்பதில்லை. நூலின் சொல்லடைவைப் படிக்கிறது. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவினைப் பயன்படுத்தியோர் இதனை உடனே உணர்வர். அடைவில் ஏறாத சொல் மூலநூலில் இருந்தும், அடைவின்வழி வருவோர்க்கு இல்லாததே. எந்தச் சொற்களை அடைவில் ஏற்றுவது, எந்த வடிவில் ஏற்றுவது, எதனை எதனோடு சேர்ப்பது என்பனவற்றைத் தொகுப்பாசிரியர் முடிவு செய்கிறார். அங்காடியில் அம்முடிவை எடுப்பவர் யார் என்பதே இக்கட்டுரையின் வினா. இன்று அதனை எடுப்பது பெரும்பாலும் மென்பொருளின் இயல்பமைப்பு.

இதனால் நேரும் இழப்பு சிறிதன்று. தலைப்பிலுள்ள பொதுப்பெயர் மட்டுமே தேடலுக்கு எட்டும் எனின், கரியாலூர்ச் சாமை எண்ணற்ற சாமைகளுள் ஒன்றாகிவிடும். விலையைக் குறைப்பதொன்றே அதற்கு எஞ்சும் வழி. வன உரிமைச் சட்டம் 2006 சிறு வன மகசூலைச் சேகரிக்கவும் விற்கவும் வனவாழ் மக்களுக்கு உடைமையுரிமை தந்தது. நடுவணரசு 2013-14 முதல் தேன், புளி, கடுக்காய் உள்ளிட்ட மகசூல்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலைத் திட்டத்தைச் செயற்படுத்தி வருகிறது. விற்கும் உரிமை ஏட்டில் உள்ளது. விற்கும் பொருளைத் தனக்குரிய பெயரில் காணச் செய்யும் ஏற்பாடு அதனுடன் வரவில்லை.

புளியும் புலியும்

விவரங்களையெல்லாம் தேடலில் சேர்த்துவிட்டதாகவே கொள்வோம். அடுத்த தடை எழுத்தில் உள்ளது. கைப்பேசியில் தேடுவோர் பலர் தமிழ்ச்சொல்லை ரோமன் எழுத்தில் இடுகின்றனர். பி, யு, எல், ஐ என்னும் நான்கு எழுத்துகள் புளிக்கும் உரியன, புலிக்கும் உரியன. மலைப்புளியும் மரச்சிற்பத்தில் ஐயப்பன் ஊரும் புலியும் ஒரே அங்காடியில் விற்கப்படும்போது இது நகைப்புக்குரிய செய்தியாக நின்றுவிடாது. தினையைத் தேடினால் திணையும் வரும். பிந்தியது நம்மைப் போன்ற சிலருக்கே மகிழ்ச்சி தரும்.

தமிழ் எழுத்திலேயே இட்டாலும் சிக்கல் ஓய்வதில்லை. ‘கொள்ளு’ என்பதன் முதலெழுத்தை ஒருங்குறியில் ககரத்துடன் ஒகரக் குறியை ஒற்றைக் குறியாகச் சேர்த்தும் எழுதலாம். ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இயல்பாக்கம் செய்யாத கணினிக்கு அவை இருவேறு சொற்கள். ‘கௌரி’ என்பதன் நிலை இதனினும் கடினம். ஔகாரக் குறிக்கு மாற்றாக ளகர எழுத்தையே இட்டு எழுதியவர் பொருளை ஒருங்குறியின் இயல்பாக்கமும் மீட்காது. அவ்விரண்டையும் அது நிகராகக் கொள்வதில்லை. தேடலுக்குமுன் உரையைத் தூய்மை செய்யும் சில நிரல்கள் எழுத்து என்னும் வகைப்பாட்டில் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் சேர்ப்பதில்லை. அத்தகைய நிரலின் கையில் ‘தேன்’ என்பது ‘தன’ ஆகிவிடும்.

சொல்லின் நீளமும் தடையாகும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் இன்னோடிபி அட்டவணைகளில், முழுவுரைத் தேடலுக்கான இயல்பமைப்பு மூன்று குறிகளுக்குக் குறைந்த சொல்லை அடைவில் ஏற்றுவதில்லை. ‘மா’, ‘பூ’ ஆகியன ஒருங்குறியில் இவ்விரண்டு குறிகளே. ஆங்கிலத்தில் பயனற்ற இடைச்சொற்களை ஒதுக்குவதற்கு ஏற்ற விதி, தமிழில் ஓரெழுத்து ஒருமொழிகளைக் காவு கொள்கிறது.

சொல்லை முழுதாக ஒப்பிடுவதா, எழுத்துத்தொடராக ஒப்பிடுவதா என்பதும் கருதத்தக்கது. முழுச்சொல்லாக ஒப்பிட்டால் ‘தேன்’ எனத் தேடுபவருக்கு ‘மலைத்தேன்’ கிடைக்காது. எழுத்துத்தொடராக ஒப்பிட்டால் மலைத்தேன் கிடைக்கும்; ‘தேனடை’ கிடைக்காது; ஆனால் விற்பவர் தம் விளக்கவுரையில் ‘சேகரித்தேன்’, ‘காய்ச்சி வடித்தேன்’ என எழுதியிருப்பின் தன்மை ஒருமை இறந்தகால வினைமுற்றெல்லாம் தேனாகிவிடும். ‘மரம்’ எனத் தேடினால் ‘மரச்சிற்பம்’ வாராது. ஸ்னோபால் என்னும் திறமூல நிரற்றொகுப்பில் தமிழுக்கான ஒட்டுநீக்கி உண்டு. லூசீன் தேடல் நூலகத்திலும் தமிழ்ப் பகுப்பி இடம்பெற்றுள்ளது. இவை ‘கடுக்காயை’, ‘கடுக்காய்க்கு’ போன்றவற்றின் ஈற்றைக் களைய உதவுவன. ஆனால் பொருட்பெயர்கள் வேற்றுமை ஏற்று வருவதைவிடத் தொகையாகப் புணர்ந்து வருவதே மிகுதி. பல்லும் பொடியும் சேர்ந்து ‘பற்பொடி’ ஆகும்போது ஈற்றைக் களைந்து பயனில்லை. நிலைமொழி உள்ளேயே திரிந்துவிட்டது. தமிழ்க் கணினியியல் ஆய்வுகள் தொடரமைப்பை ஆராயும் அளவிற்குப் பொருட்பெயர்ப் புணர்ச்சியை ஆராய வேண்டிய தேவை இங்கு எழுகிறது.

நிகண்டின் நோக்கு

எழுத்துத் தடையைக் கடந்தபின் நிற்பதுதான் மையச் சிக்கல்: விற்பவர் சொல்லும் தேடுவார் சொல்லும் ஒன்றல்ல. கடுக்காய் வேண்டுபவர் அப்பெயராலும் தேடலாம். மருத்துவ நூல் பயின்றவர் ‘அரிதகி’ எனத் தேடலாம். ஆங்கில வணிகப் பெயராலும் தேடலாம். திரிபலை செய்ய எண்ணுபவர் கடுக்காய் என்னும் சொல்லையே இடாமல் இருக்கலாம்.

இன்று கிடைக்கும் நிகண்டுகளுள் காலத்தால் முந்தியதாகக் கருதப்படும் திவாகரம் பன்னிரு தொகுதிகளாக அமைந்தது. தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம், பல்பொருள், செயற்கை வடிவம், பண்பு, செயல், ஒலி எனப் பத்துத் தொகுதிகளும் பெயர்களைப் பொருள்வகையால் கூட்டுகின்றன. பதினோராவது ஒருசொற் பல்பொருளுக்கும் பன்னிரண்டாவது பல்பொருட் கூட்டத்து ஒருபெயருக்கும் உரியன. செயற்கைப் பொருளையும் அதன் பண்பையும் தனித்தனித் தொகுதிகளில் வைத்த அமைப்பு குறிப்பிடத்தக்கது. அங்காடிகள் பொருளின் வகையையும் பண்பையும் வேறுபடுத்த இடர்ப்படும் இடம் இதுவே. ‘மலைத்தேன்’ என்பதை வகையாகக் கொள்வதா, தேன் என்னும் வகைக்கு மலை என்னும் பண்பைத் தருவதா என்னும் குழப்பம் அங்காடிதோறும் உண்டு.

வீரமாமுனிவர் 1732-இல் இயற்றிய சதுரகராதி இன்னும் நெருங்கி வருகிறது. அதன் நான்கு பகுதிகளும் ஒரே சொற்குவையை அடைய நான்கு வாயில்கள். பெயரகராதி ஒரு சொல்லின் பல பொருள்களைத் தரும். பொருளகராதி ஒரு பொருளின் பல பெயர்களைத் தரும். தொகையகராதி எண்ணால் தொகுத்து வழங்கும் கூட்டங்களை விரிக்கும். தொடையகராதி ஒலியொப்புமையால் சொற்களை நிரல்படுத்தும். அரிதகி எனத் தேடுபவரைக் கடுக்காயிடம் சேர்ப்பது பொருளகராதியின் பணி. திரிபலையைத் தேடுபவருக்குக் கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றையும் காட்டுவது தொகையகராதியின் பணி. தொடையகராதி செய்யுள் இயற்றுவோர்க்கு உதவ எழுந்தது. எழுத்துப்பிழைத் தேடலுக்கு அதனை நேரே பொருத்துதல் மிகையாகும். எனினும் ஒரு சொல்லை அதன் பொருளறியாமல் ஒலிவழியாக அடையலாம் என்னும் கருத்து அதில் உள்ளது.

பெயரகராதியின் பணியே அங்காடிகளில் மிகவும் புறக்கணிக்கப்படுவது. கல்வராயன், சேர்வராயன், ஜவ்வாது, கொல்லி மலைகளில் வாழும் தமிழ் பேசும் பழங்குடியினர் ‘மலையாளி’ எனப்படுகின்றனர். பட்டியற் பழங்குடிப் பெயரும் அதுவே. ‘மலையாளித் தேன்’ எனத் தேடுபவர்முன் கேரளப் பொருள்கள் வந்து நிற்பதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. ஒருசொல் பல்பொருள் என்பதை அறிந்து, எப்பொருளில் தேடுகிறீர் எனக் கேட்கும் அமைப்பு வேண்டும். சேகரித்தோர் குடியின் பெயரைத் தம் பொருளின் அடையாளமாகக் காட்ட விரும்பும் மலைமக்களுக்கு இது பெயர்ச்சிக்கல் மட்டுமன்று.

இவையனைத்தையும் செயற்கை நுண்ணறிவு சார்ந்த பொருண்மைத் தேடல் தானே தீர்த்துவிடும் என்னும் எதிர்வாதம் இப்போது வலுப்பெற்றுள்ளது. சொற்களை எண்திசையன்களாக மாற்றி, அருகிலுள்ளவற்றைத் தருவது அதன் முறை. அது ஓரளவு உதவும் என்பதில் ஐயமில்லை. பிழையாக எழுதிய சொல்லையும் வேற்றுமொழிப் பெயரையும் இணைப்பதில் அதன் பயன் தெளிவு. ஆயினும் அத்தகைய மாதிரிகள் எழுத்தில் மிகுதியாகக் கிடைப்பதைக் கொண்டு பயில்வன. எழுத்தில் அரிதாகவே பதிவான ஒரு மலைவட்டாரப் பெயருக்கு அவை தருவது ஊகமே. மேலும் சாமைக்கு அருகில் தினையும் வரகும் நிற்கும். அருகில் நிற்பது அதுவே ஆகாது. சாமை வேண்டுபவருக்குத் தினையைக் காட்டுவதைக் கடைக்காரர் விற்பனைத் திறன் எனலாம்; தேடலின் வெற்றி என அதனைக் கணக்கிடுவது முறையன்று.

வட்டாரச் சொற்களைத் திரட்டுவதற்கு நம்மிடம் முன்மாதிரிகள் உள்ளன. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்கும், பெருமாள்முருகன் கொங்குக்கும், கண்மணி குணசேகரன் நடுநாட்டுக்கும் சொல்லகராதிகள் தந்துள்ளனர். கள்ளக்குறிச்சிச் சமவெளியின் வழக்குகளுக்கு நடுநாட்டுச் சொல்லகராதி அடிப்படையாகக் கூடும்; மலைவழக்குக்குத் தனித் தொகுப்புப் பணி தேவை. இதற்கு அங்காடியே ஒரு களமாகலாம். தேடி விடை கிடைக்காமற்போன சொற்களை ஒவ்வோர் அங்காடியும் தன் பதிவில் சேர்த்துவைக்க இயலும். அப்பட்டியல் வணிகருக்கு இழந்த விற்பனையின் கணக்கு. அகராதியியலாளருக்கு மக்கள் உண்மையில் வழங்கும் பெயர்களின் திரட்டு. தேடியவர் எவர் என்னும் அடையாளத்தை நீக்கி, சொல்லை மட்டும் தமிழ்த்துறைகளுக்குத் தரக் கூட்டுறவு அங்காடிகள் முன்வந்தால் இரு தரப்புக்கும் பயனுண்டு.

ஒரு மலை, பல முகவரிகள்

தேடுதன்மை பற்றிய விவாதங்களில் இடப்பெயர் எளிதான புலமாகக் கருதப்படுகிறது. மாவட்டங்களின் பட்டியலைக் கீழிறங்கு பட்டியலாகத் தந்தால் போதும் என்பது வடிவமைப்பாளர் எண்ணம். கல்வராயன் மலை இவ்வெண்ணத்தை உடைக்கிறது.

மலையின் ஒருபகுதி கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் மற்றொருபகுதி சேலம் மாவட்டத்திலும் அமைந்துள்ளது. கரியாலூரும் வெள்ளிமலையும் முன்னதைச் சார்ந்தவை. கருமந்துறை பின்னதைச் சார்ந்தது. மாவட்டமே இடப்புலம் எனின் ஒரே மலையின் சாமை இரண்டாகப் பிரிந்துவிடும். கல்வராயன் என்னும் பெயர் எப்பட்டியலிலும் இராது. கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில்தான் தனி மாவட்டமாயிற்று. அதற்குமுன் எழுதிய பதிவுகளில் இவ்வூர்கள் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும். 1993-க்கு முந்திய ஆவணங்களில் தென்னார்க்காட்டில் இருக்கும். மலையோ 1976 வரை ஜாகீர் ஆட்சியின் பிரிவுகளைக் கொண்டிருந்தது. பெயரின் எழுத்துவடிவிலும் ஒருமை இல்லை: கல்வராயன், கல்ராயன் என இரண்டும் வழங்குகின்றன, ஆங்கில அரசாவணங்களிலும் இவ்விரு வடிவங்களும் காணப்படுகின்றன.

ஆகவே இடப்புலத்தில் ஆட்சிப்பிரிவும் நிலவடிவும் தனித்தனியே பதிவாக வேண்டும். ஊர், வட்டம், மாவட்டம் என்பது ஒரு நிரல். ஊர், மலை, மலைத்தொடர் என்பது மற்றொன்று. குறிஞ்சியையும் முல்லையையும் ஆட்சி எல்லையால் வகுக்காத மரபில் வந்தோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. சட்டமும் ஒருவகையில் இதனை ஏற்கிறது. 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ்ச் சிறுமலை வாழைப்பழம் பதிவு பெற்றது மலையின் பெயரால்தான்.

உருவமும் மரமும்

மலையடிவாரத்திலிருந்து ஒரு மாற்றுச்சான்று. கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. சாமையும் புளியும் அளந்து விற்கப்படுவன. சிற்பமோ பெரும்பாலும் வேண்டுவோர் சொல்லக் கேட்டுச் செய்யப்படுவது. ஒவ்வொன்றும் தனிப்பொருள். உருவம், நின்ற கோலமா இருந்த கோலமா, கையிலுள்ள படைக்கலம், ஊர்தி, மரம், உயரம், ஒற்றைமரத்தில் குடைந்ததா இணைத்ததா எனப் புலங்கள் பெருகும். இங்குத் தனிவிவரமே பொருள். அதனைத் தேடலிலிருந்து நீக்கினால் எஞ்சுவது ‘மரச்சிலை’ என்னும் ஒற்றைச்சொல்.

இவ்வகைப் பொருளுக்குப் படிநிலை வகைப்பாடு உதவாது. வாகை மரத்தின்கீழ் முருகனை வைப்பதா, முருகனின்கீழ் வாகையை வைப்பதா என்பதற்கு முடிவில்லை. சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன் நூல்களைப் பகுப்பதில் இதே முட்டுப்பாட்டைக் கண்டவர். 1933-இல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்புமுறை, பொருளை ஒரே கிளையில் தொங்கவிடாமல் பல முகங்களாகப் பிரித்து வேண்டியவாறு சேர்க்க வழிசெய்தது. கருப்பொருள், பருப்பொருள், வினை, இடம், காலம் என அவர் வகுத்த ஐந்து முகங்களும் சிற்பத்துக்கு நன்கு பொருந்துகின்றன. இன்றைய அங்காடிகளின் பக்கப்பட்டையில் உள்ள நிறம், அளவு, விலை என்னும் வடிகட்டிகள் அக்கோட்பாட்டின் வழிவந்தவை எனலாம். ஆடைக்கு ஏற்ப அமைந்த அவ்வடிகட்டிகளையே சிற்பத்துக்கும் தருவதுதான் குறை. ‘நிறம்: பழுப்பு’ என்பதால் சிற்பம் வாங்குபவர் எதனை அறிவார்?

புலங்களின் மதிப்புகளையும் சிற்பியர் சொற்களாலேயே நிரப்ப வேண்டும். மரங்களுள் ‘மா’ என்பதை ஒரு மதிப்பாகத் தந்தால், முன்னர்க் கூறிய இருகுறிச் சொல் விதி அதனை விழுங்கும். ‘மாமரம்’ எனத் தருவது நன்று. இத்தகைய முடிவை நிரலர் தனித்து எடுக்க இயலாது. சிற்பியும் தமிழறிந்தவரும் நிரலரும் ஒருங்கிருந்து ஒரு நூறு சொற்களை முடிவுசெய்தால் கூடும் பணி இது. ஆய்வுத்திட்ட நல்கை எதுவும் இன்றியே ஒரு முதுகலை வகுப்பின் களப்பணியாக இதனை மேற்கொள்ளலாம்.

தேடலில் சேர்க்கலாகாதவை

இதுவரை கூறியவை விவரங்களைத் தேடலுக்குள் கொண்டுவருதற்குச் சார்பானவை. எல்லா விவரத்தையும் கொண்டுவர வேண்டும் என்பது அதனால் பெறப்படாது. பொருளின் தோற்றுவாயைத் தடமறியச் செய்தல் நம்பகத்தைப் பெருக்கும் என்னும் கருத்தால், சேகரித்த இடத்தின் அகலாங்கு நெட்டாங்கையும் புலமாக்கும் போக்கு உள்ளது. பயிரிட்ட சாமைக்கு அது கேடன்று. காட்டுத்தேனுக்கும் மருந்து மரங்களுக்கும் நிலை வேறு. எந்தப் பாறையில் தேனடை கட்டும், எந்தச் சரிவில் கடுக்காய் மிகுதி என்பன சேகரிப்போரின் வாழ்வாதார அறிவு. அவற்றை வெளியார் எவரும் தேடிப்பெறும் மதிப்பாக மாற்றுவது, அவ்வறிவை விலையின்றி வழங்குவதோடு மிகைச் சேகரிப்புக்கும் வழிவிடும்.

பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் 2002-இன்படி உள்ளாட்சி அளவில் பேணப்படும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடுகளில் உயிரினங்களின் வட்டாரப் பெயர்கள் பதிவாகின்றன. பொருட்பெயர்த் தொகுப்புக்கு அவை சிறந்த மூலம். ஆயின் பதிவேட்டில் உள்ளதெல்லாம் அங்காடிக்கு உரியதன்று. பெயரை எடுத்துக்கொள்வதற்கும் இடத்தையும் பயன்முறையையும் எடுத்துக்கொள்வதற்கும் இடையே எல்லை வேண்டும். ‘தேடலில் பயன்படுத்துக’ என்னும் தெரிவை இயக்கும் உரிமை அங்காடி மேலாளரிடம் மட்டும் இருப்பது இக்காரணத்தாலும் பொருந்தாது. சேகரிப்போரின் ஊர்க்கூட்டத்துக்கும் அதில் சொல்லுரிமை வேண்டும். காட்டுப்பொருளுக்குக் கரியாலூர், வெள்ளிமலை என்னும் ஊர் அளவில் இடப்புலத்தை நிறுத்திக்கொள்வதும், மலைப்பெயரைத் தேடலில் சேர்ப்பதும் வாங்குவோருக்குப் போதுமானவை. அதற்குக் கீழுள்ள விவரம் கொள்முதல் செய்யும் சங்கத்தின் ஏட்டில் இருக்கலாம். தரம் பற்றிய ஐயம் எழுந்தால் அங்குச் சென்று சரிபார்த்துக்கொள்ளலாம்.